தாம்பரத்து கம்ப்யூட்டர் சென்டரும் 100 பில்லியன் டாலரும்

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டலூர் வந்திருந்தார். கையில் ஒரு பிரிண்ட் அவுட். அமெரிக்க கம்பெனிகள் ஊழியர் பயிற்சிக்கு ஒரு வருஷத்தில் செலவு செய்வது 100 பில்லியன் டாலருக்கு மேலாம் (நம்ம கணக்கில் 10,000 கோடி டாலர்!). "இதுல ஒரு துளி நம்ம பக்கம் வந்தா போதும்டா. நீதான் பி.காம் படிக்கிறியே, பேங்குக்கு ஒரு பிராஜக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடு" என்றார். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி பார்த்து வைத்திருக்கிறார். கம்பெனி ஊழியர்களுக்கு ஏ.ஐ. பயிற்சி கொடுக்கப் போகிறாராம்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். காரணம் இருக்கிறது. 2000ல் இதே மாமா மேற்கு தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தவர். 12 கம்ப்யூட்டர், ஒரு ஏசி, எல்லாம் அத்தையின் நகையை வைத்து வாங்கியது. 2002ல் மூடிவிட்டார். போர்டு இன்னும் பரணில் கிடக்கிறது. நகை மீளவே இல்லை.

சரி, ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்னால் அந்தக் காலத்துக் கதையை ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

டெல்லியில் என்.ஐ.ஐ.டி. 1981ல் ஆரம்பித்தது. 1986ல் ஆப்டெக். நம்ம சென்னையில் 1991ல் கல்பாத்தி சகோதரர்கள் அகோரம், கணேஷ், சுரேஷ் மூவரும் எஸ்.எஸ்.ஐ. தொடங்கினார்கள். ஆமாம், பிற்பாடு 'பிகில்' எடுத்த அதே ஏ.ஜி.எஸ். ஆட்கள்தான்! 90களின் கடைசியில் ஒய்2கே வேலை குவிந்தது. அமெரிக்கா எச்1பி விசா வரம்பை 65,000லிருந்து 1,15,000 ஆக்கி, பிறகு 2001 நிதியாண்டிலிருந்து 1,95,000 ஆக்கியது. அந்த நேரத்தில் கிராஃப் பேப்பரில் யார் கோடு போட்டிருந்தாலும் மேலேதான் போட்டிருப்பார்கள். மாமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

2000 மார்ச்சில் 5,000ஐத் தாண்டிய நாஸ்டாக், 2002 அக்டோபரில் 1,100 அளவுக்கு வந்துவிட்டது. அங்கே ஆள் எடுப்பது நின்றதும் இங்கே ஜாவா கிளாஸ் காலி. 2004ல் விசா வரம்பும் பழைய 65,000க்கே திரும்பியது. எங்கள் எகனாமிக்ஸ் புத்தகத்தில் 'டெரைவ்ட் டிமாண்ட்' என்று ஒரு பாரா வரும். இரண்டு மார்க் கேள்வி என்று நாங்கள் தாண்டிப் போய்விடுவோம். அந்த ஒரு பாராதான் அத்தையின் நகை.

ஆனால் எனக்கு உறைத்த விஷயம் வேறு. ஐ.டி. வேலை 2003க்குப் பிறகு திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிதாகவே. தெருமுனை சென்டர்களின் பழைய காலம் மட்டும் ஏன் திரும்பவில்லை? கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்து, தாங்களே பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டன. இன்ஃபோசிஸ் மைசூரில் பயிற்சிக்கென்றே ஒரு ஊரைக் கட்டியது போலக் கட்டியது. அதன் இரண்டாவது பயிற்சி மையத்தை 2009ல் சோனியா காந்தி திறந்து வைத்தார். ஆக, பயிற்சிக்கான செலவு ஏறத்தான் செய்தது. அது மேற்கு தாம்பரத்துப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். மாமா வாங்கியதும் கம்பெனிப் பணம் இல்லை, பையன்களின் அப்பாக்கள் கட்டிய ஃபீஸ்.

இப்போது அந்த பிரிண்ட் அவுட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 'டிரெயினிங்' என்ற பத்திரிகை 1982லிருந்து வருஷா வருஷம் இந்தக் கணக்கை எடுக்கிறது. 2019ல் 83 பில்லியன், 2021ல் 92.3, 2022ல் 101.6, 2023ல் 101.8, 2024ல் 98. மாமாவின் தாளில் 2022 வரைதான் இருக்கிறது :-) அதைவிட முக்கியம், இதில் பெரும்பகுதி கம்பெனிக்குள்ளேயே இருக்கும் பயிற்சி ஊழியர்களின் சம்பளம். வெளியாட்களுக்குப் போவது சின்னப் பங்குதான்.

அந்தச் சின்னப் பங்கிலும் சம்பாதித்தவர்கள் உண்டு. என்.ஐ.ஐ.டி. 2006ல் 40 மில்லியன் டாலருக்கு எலிமெண்ட் கே என்ற அமெரிக்கப் பயிற்சி நிறுவனத்தை வாங்கி, 2011ல் 110 மில்லியனுக்கு விற்றது. கம்பெனிகளுக்கான பயிற்சித் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்து 2023ல் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது. எஸ்.எஸ்.ஐ. கைமாறி பி.வி.பி. வென்ச்சர்ஸ் ஆனது. கல்பாத்தி சகோதரர்கள் 2018ல் வெராண்டா என்று மறுபடி கல்வித் தொழிலுக்கு வந்தார்கள். வேலையில் இருப்பவர்களுக்கான எடுரேகாவை வாங்கினார்கள்தான். ஆனால் கூடவே பேங்க் பரீட்சை கோச்சிங், ஜே.கே.ஷா சி.ஏ. வகுப்புகள் என்று, மாணவனே ஃபீஸ் கட்டும் இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறை சூடு பட்டவர்களின் கணக்கு இது என்பது என் எண்ணம்.

மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை, உங்களுக்கு செக் எழுதப்போகிற கம்பெனிகள் எவை? (ஃபோர்டு என்று சொல்ல முடியாது, அங்கே 2022லேயே உற்பத்தி நின்றுவிட்டது.) இரண்டு பெயர் கொடுத்திருக்கிறார். ஒன்று அவர் நண்பரின் மச்சான் வேலை பார்க்கும் கம்பெனி.

ரிப்போர்ட் முதல் பக்கத்திலேயே நிற்கிறது. மாடிக்கு அட்வான்ஸ் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை டைம். அம்மா கேட்பது ஒன்றுதான்: "அத்தைக்கு இது தெரியுமாடா?"