பாஸும் கோலயாவும்

கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்குச் செல்லும் எவரும் கெசல்கமுவ ஓயாவை மறித்து நிற்கும் அணைக்கட்டைப் பாராமல் போக முடியாது. இந்த மலையாறுகளின் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் பிறப்பிக்கலாம் என்று 1918 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவருடைய எண்ணத்தின் முதற்கட்டம் 1950 இல் லக்சபானாவில் நிறைவேறியது. 1965 இல் நோட்டனில் இயங்கத் தொடங்கிய மின்நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அறிஞனுடைய பெயரைப் பலகை சுமப்பது நியாயமே. ஆனால் பெயரை எழுதியவனுடைய பெயர் எந்தப் பலகையிலும் இடம்பெறுவதில்லை. கீழ் மூலையில், கூர்ந்து நோக்கினால் மட்டுமே தெரியும் எழுத்தில், அவனுடைய கடையின் பெயர் இருந்தால் அதுவே பெரிது.

பெயரற்ற இந்த மனிதர்களைப் பற்றியே இக்கட்டுரை. அவர்களுடைய கலையை மெச்சுவது நம் நோக்கமன்று. தொழிலறிந்த பலகைக்காரன், தன்னிடம் புதிதாக வந்து நிற்கும் பையனை எவ்வாறு நடத்தினான், ஏன் அவ்வாறு நடத்தினான் என்பதே நமது கேள்வி.

மலைநாட்டில் முதன்முதல் நாட்டப்பட்ட பலகைகள் ஆங்கிலத்தில் இருந்தன. தோட்டத்தின் பெயர், துரையின் பங்களாவுக்குப் போகும் வழி, அந்நியர் உட்புகலாகாது என்னும் எச்சரிக்கை ஆகியவையே அவற்றில் எழுதப்பட்டிருந்தன. தேயிலைச் செடிக்கும் லயத்துக்கும் இடையே வாழ்ந்து மடிந்த மக்களுள் பெரும்பாலோர்க்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. அந்தப் பலகைகள் அவர்களோடு பேசுவதற்காக எழுதப்பட்டவையும் அல்ல. தோட்டங்களுக்கு அம்மக்கள் தாங்களே சூட்டிய தமிழ்ப் பெயர்கள் அவர்கள் நாவிலே வாழ்ந்தன, பலகையில் ஏறவில்லை. புடைவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்த கோ. நடேசய்யர், பின்னர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். அவர் தாண்டிச் சென்றது இத்தகைய பலகைகளைத்தான். தமிழ்ப் பலகைக்குத் தேவை பிறந்தது தோட்டத்திலன்று, கடைவீதியில். மளிகைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, கோயில், சங்கக் காரியாலயம் ஆகிய இவை பெருகப் பெருகத் தூரிகை பிடித்தவனுக்கும் பிழைப்பு உண்டாயிற்று.

இங்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்வதற்கு வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். 1979 டிசம்பரில் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், ஹட்டன் நகரில் பலகை எழுதும் ஒருவரிடம் என் தகப்பனார் என்னைக் கொண்டுபோய் விட்டார். அவரை எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைத்தனர். தச்சரையும் மேசனையும் இலங்கையில் அவ்வாறுதான் அழைக்கிறோம். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. என்னைக் ‘கோலயா’ என்றார்கள். சிங்களத்தில் அதற்குச் சீடன் என்று பொருள். சீடனாகத்தான் போகிறேன் என்று நானும் நம்பினேன்.

முதல் மூன்று வாரம் தூரிகையின் பிடியைத் தவிர வேறெதையும் நான் தொடவில்லை. தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மயிரைக் கூர்மையாக நீவி வைக்க வேண்டும். பழைய தகரங்களைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, செங்காவிப் பூச்சுப் பூச வேண்டும். அதன்பின் சுண்ணக்கட்டி தேய்த்த நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும் பாக்கியம் கிட்டியது. மறுமுனையைப் பாஸ் பிடித்து நூலைச் சுண்டிவிடுவார். பலகையில் நேர்கோடு விழும். பிறகு அவர் வரைந்த எழுத்தின் உட்புறத்தை நிரப்புவதற்கு விட்டார். ஓரம் அவருடையது, வயிறு என்னுடையது. சம்பளம் என்று ஒன்றும் இல்லை. பகல் சோறும் இரண்டு வேளைத் தேநீரும் உண்டு.

அந்தத் தேநீரில்தான் சூட்சுமம் இருந்தது. கோயில் பலகைகளுக்கும் நகைக்கடைப் பலகைகளுக்கும் பொன்னிறம் வேண்டும். பொன்னிறத் தூளை வார்னிஷில் கலக்கும் நேரம் நெருங்கியதும் பாஸ் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: “தம்பி, போய் ரெண்டு பிளேன்டீ வாங்கிட்டு வா.” நான் திரும்பி வரும்போது கலவை ஆயத்தமாக இருக்கும். ஒரு நாளன்று, இரு நாளன்று, அத்தனை மாதங்களும் இவ்வாறே நடந்தது. அவர் கெட்டவர் அல்லர். மழை நாளில் தம் குடையை என்னிடம் தந்துவிட்டுத் தாம் நனைந்து போனவர். “எழுத்தைப் பார்க்காதே, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலே இருக்கிற வெற்றிடத்தைப் பார்” என்று அவர் கற்றுத் தந்த பாடத்தைப் பிற்காலத்தில் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் நான் நினைத்துக்கொண்டதுண்டு. ஆயினும் பொன்னிறம் கலக்கும்போது மட்டும் என்னை வெளியே அனுப்பினார்.

இதை ஒரு தனிமனிதரின் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடலாமா? தொழிலின் சரித்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1563 ஆம் ஆண்டுச் சட்டம், கைத்தொழில் பழகுகிறவன் ஏழாண்டு காலம் பயிலவேண்டும் என்று விதித்தது. அவ்வளவு நீண்ட பயிற்சி முற்றிலும் அவசியமற்றது என்று ஆதம் ஸ்மித் 1776 இல் எழுதினார். 1814 இல் அந்த விதி நீக்கப்பட்டது. ஏழாண்டுகள் கற்பதற்கு அத்தொழிலில் என்ன இருந்தது என்று கேட்பதைவிட, ஏழாண்டுகள் ஒருவனை வாசலில் நிறுத்தி வைப்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே பொருத்தம். புதியவன் ஒவ்வொருவனும் கூலியைக் குறைக்கக் கூடியவன் என்ற கணக்கு எஜமானனுக்கு மட்டுமன்றித் தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது.

பாஸ் என்ற சொல் நம்மை இன்னொரு நாட்டுக்கும் அழைத்துச் செல்கிறது. தென்னாபிரிக்காவிலும் ஒல்லாந்தர் அதே சொல்லை விட்டுச் சென்றனர். அங்கே அது கைவினைஞனுக்குரிய மரியாதைச் சொல்லாக நிலைக்கவில்லை. கறுப்புத் தொழிலாளி வெள்ளை முதலாளியை அழைக்கவேண்டிய சொல்லாக மாறியது. அந்நாட்டின் ஜொஹான்னஸ்பேர்க் நகரில் 1897 இல், ரொபேட் நூனன் என்ற ஐரிஷ்காரர் கட்டடத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயலாளராக இருந்தார். வர்ணம் பூசுவதும் பலகை எழுதுவதும் அவருடைய தொழில். தேர்ந்த கறுப்புத் தொழிலாளர்களை வேலைக்கு வைக்கலாகாது என்று நடந்த எதிர்ப்புக்கு அவரே தலைமை தாங்கினார். எதிர்ப்பு வெற்றியும் பெற்றது. கையில் தூரிகையோடு வந்த மனிதனை அவன் தோலின் நிறத்துக்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பின்பு நூனன் இங்கிலாந்தின் கடற்கரை நகரமாகிய ஹேஸ்டிங்ஸில் குடியேறினார். பகலில் பலகையும் சுவரும் எழுதி, இரவில் ஒரு நாவல் எழுதினார். வர்ணக்காரர் ஏறி நிற்கும் சாரத்தாங்கியின் ஆங்கிலப் பெயரையே திருத்தி, டிரெஸல் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ‘கந்தல் காற்சட்டை அணிந்த தருமவான்கள்’ என்று தமிழில் பெயர்க்கத்தக்க அந்த நாவலில், தம் உழைப்பை எஜமானர்களுக்குத் தானமாக வாரி வழங்கும் தொழிலாளர்களே அந்தத் தருமவான்கள். அதிலே பேர்ட் வைட் என்று ஒரு சிறுவன் வருகிறான். விதவையின் மகன். தொழில் பழக ஒப்பந்தம் செய்யப்பட்டவன். முதலாண்டில் அவனுக்குக் கூலியே கிடையாது. பாரவண்டியைத் தெருத்தெருவாக இழுக்கிறான். கடுங்குளிரில் நெருப்பில்லாத வர்ணக்கொட்டிலில் தனியே நின்று வேலை செய்கிறான். ஓவன் என்ற தொழிலாளி, சவப்பெட்டித் தகடுகளில் பெயர் எழுதுமளவுக்குத் தேர்ந்தவன், நடுங்கும் அச்சிறுவனைக் காண்கிறான். தன் வேலை போய்விடும் என்று தெரிந்தும் நேரே முதலாளி ரஷ்டனிடம் சென்று, கொட்டிலில் நெருப்பு மூட்டாவிட்டால் வழக்குக்கு இழுப்பேன் என்கிறான். நெருப்பு மூட்டப்படுகிறது.

ஜொஹான்னஸ்பேர்க்கில் கதவைச் சாத்திய கைதான் ஓவனையும் எழுதியது. இந்த முரண்பாட்டை மூடி மறைத்து அவரைப் புனிதராக்குவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. முழுச் சித்திரம் தெரிந்தால்தான் அந்த நெருப்பின் மதிப்பும் விளங்கும். நூனன் 1911 இல் லிவர்பூலில் காசநோயால் இறந்து, ஏழைகளுக்குரிய பொதுக்குழியில் புதைக்கப்பட்டார். நாவல் 1914 இல் வெட்டிக் குறைக்கப்பட்டு வெளிவந்தது. முழுமையாக அச்சேற 1955 வரை காத்திருக்க நேர்ந்தது.

தமிழகத்துச் சினிமா பேனர்க் கூடங்களிலும் இதே ஏணிதான் இருந்தது. பையன் தூரிகை கழுவினான். பிறகு துணியில் கட்டம் போட்டான். பிறகு பின்னணி, அதன்பின் ஆடை. நட்சத்திரத்தின் முகத்தை மட்டும் ஆசான் கடைசியில் வந்து தீட்டினார். முகத்துக்கு ஏற எத்தனை ஆண்டு என்பது ஆசானுடைய மனத்தைப் பொறுத்தது, அவர் மனமோ கூடத்தில் இருந்த வேலையின் அளவைப் பொறுத்தது. வேலை மிகுந்த பருவத்தில் பையன்கள் விரைவாகக் கற்றார்கள்.

மலைநாட்டில் வேலை மிகுந்த பருவம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. அரச பலகைகளில் தமிழ் எழுதுபவனுக்கு இருந்த வேலை சுருங்கியது. 1958 இல் வாகன இலக்கத் தகட்டில் பொறித்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தின் மீது வடக்கிலும் கிழக்கிலும் தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பிலும் தெற்கிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அந்தக் கிளர்ச்சியின்போது பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் மாண்டனர். ஓர் எழுத்துக்காக உயிர் போன இடம் நமது மலை. என் பாஸ் அக்காலத்தில் கொழும்பில் தொழில் பழகிக்கொண்டிருந்தவர். தம் கைப்பட எழுதிய பலகை ஒன்றின் மீது தார் வழிந்ததைக் கண்டபின்பே ஹட்டனுக்கு வந்தார். எதற்காகப் புதிய பையனைத் தேநீர் வாங்க அனுப்பினார் என்பதை அந்தத் தாரையும் சேர்த்தே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நான் தனியாக எழுதிய முதல் எழுத்துகள் கடைப் பலகையில் அமையவில்லை. அவை தகரப் பெட்டியில் அமைந்தன. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும், 300,000 பேர் இங்கே பிரஜைகளாக வேண்டும் என்று மக்களைப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அக்கணக்கின் ஒரு துளியாக, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போகவேண்டிய பெட்டிகள் நான்கு. பாஸ் அவற்றை ஒருமுறை பார்த்தார். “இதை நீயே எழுது தம்பி. பிழைச்சாலும் இங்க யாரும் பார்க்கப் போறதில்ல” என்றார். நான் எழுதினேன். குடும்பத் தலைவரின் பெயரில் வந்த லைகாரத்தை, துதிக்கை வளைந்த அந்தப் பழைய வடிவத்தில், நான்கு பெட்டிகளிலும் நான்கு விதமாக எழுதினேன். (தமிழ்நாட்டு அரசு 1978 இலேயே அவ்வடிவத்தைக் கைவிட்டிருந்தது. போய்ச் சேர்ந்த ஊரில் அப்பெயரை எப்படிப் படித்தார்களோ!) புறப்படுகிறவர்களின் பெட்டிகளில்தான் கோலயாக்கள் கைபழகினோம்.

பரீட்சை முடிவு வந்தது. நான் மீண்டும் பள்ளிக்கூடம் போவதென்று தீர்மானமாயிற்று. கடைசி நாளன்று பாஸ் பொன்னிறத் தூளை எடுத்தார். வழக்கம்போல் நான் எழுந்தேன். “இரு” என்றார். மூடியில் சிறிது தூள், அதற்குச் சிறிது வார்னிஷ். “கொஞ்சம் கொஞ்சமாத்தான் கலக்கணும். மொத்தமாக் கலந்து வெச்சா கறுத்துப் போகும்.”

“அவ்வளவுதானா பாஸ்?”

“அவ்வளவுதான். இதைப் பார்க்கிறதுக்கு நான் ஏழு வருஷம் தேத்தண்ணி தூக்கினேன்.”

தொழிலைத் தொடரப் போகாதவனுக்குத்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. அங்கு மிஞ்சியிருந்த மற்ற கோலயா அப்போது தேநீர் வாங்கப் போயிருந்தான்.

1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. முப்பதாண்டுக்கு மேலாகச் சுருங்கிக் கிடந்த வேலை மீண்டும் விரிந்தபோது, அதைச் செய்யவேண்டிய கைகளுட் பல கடல் கடந்திருந்தன. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்கள் இன்னும் பலரை விரட்டியிருந்தன. எஞ்சியோரின் கோலயாக்கள் எழுத்தின் வயிற்றை மட்டுமே நிரப்பப் பழகியிருந்தனர். இன்று தூரிகையின் இடத்தைக் கணினியும் பிளெக்ஸ் அச்சும் பிடித்துவிட்டன. அரச காரியாலயங்களிலும் பஸ்களிலும் கொம்பு இடம் மாறிய, ஒற்று உதிர்ந்த, சில வேளை பொருளே திரிந்துபோன தமிழைக் கண்டு நம்மவர்கள் படம்பிடித்துச் சிரிக்கிறார்கள். சினம் கொள்கிறவர்களும் உண்டு. அச்சினத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையை ஆக்கியவன், தமிழ் ஒரு வரியும் படிக்கத் தெரியாத, மாதச் சம்பளத்துக்கு அச்சுக்கடையில் அமர்ந்திருக்கும் ஒரு சிங்கள இளைஞனாக இருக்கலாம். அவன் கோடுகளைப் பார்த்துக் கோடுகளை இடுகிறான். அவனும் ஒரு கோலயாதான்.

கடந்த ஆண்டு அத்தகைய கடையொன்றில் எங்கள் பாடசாலைக்குப் பலகை அச்சிடக் கொடுத்திருந்தேன். திரையில் ‘பாடசாலை’ என்ற சொல்லில் ஒரு கால் குறைந்திருந்தது. சுட்டிக் காட்டினேன். அந்த இளைஞன் திருத்தினான். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, மற்ற எழுத்துகளையும் ஒன்றொன்றாகச் சொல்லித் தரும்படி கேட்டான். வாசலில் எனக்காக பஸ் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். இருவருக்கும் தேநீர் கொண்டுவர அவன் ஆளனுப்பினான்.