பௌபஜார் வீதியில் எழுந்த விஞ்ஞானச் சங்கம்

நம் கார்டன் ரீச் காலனிக் குடும்பங்களுக்குப் பௌபஜார் என்றவுடன் நகைக்கடைகளே நினைவுக்கு வரும். அவ்வீதியின் 210ஆம் எண்ணில், பொதுமக்களின் நன்கொடையால் எழுந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் நெடுங்காலம் இயங்கியது. சர் சி. வி. இராமனை அறியாத தமிழர் இலர். அவருக்கு இடமளித்த அச்சங்கத்தைத் தோற்றுவித்த டாக்டர் மகேந்திரலால் சர்க்காரை அறிந்தவரோ நம்முள் மிகச் சிலர்.

சர்க்கார் 1833இல் பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற இரண்டாமவர். தமக்குச் சரியெனப் பட்டதைச் சபையில் உரைக்க அஞ்சாதவர். 1867இல் ஹோமியோபதியை ஆதரித்துப் பேசியமையால் சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினர். (இன்றைய விஞ்ஞானம் அம்முறையை ஏற்பதில்லை என்பது வேறு செய்தி.) 1885இல் நோயுற்றிருந்த இராமகிருஷ்ண பரமஹம்சருக்கு மருத்துவம் செய்தார், அவரிடம் பேரன்பு கொண்டிருந்தும், அவரை அவதாரமென ஒப்பாது வாதாடினார்.

நம் நாட்டார் தம் பொருளாலும் தம் நிர்வாகத்தாலும் நடத்தும் விஞ்ஞான நிலையம் ஒன்று வேண்டுமென 1869இல் அவர் எழுதினார். தொழிற்கல்வியே போதும், தூய விஞ்ஞானம் சோறு போடுமா என்று எதிர்த்தவரும் உண்டு. அவர் தளரவில்லை, வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினார். 1876 ஜூலை 29ஆம் நாள் சங்கம் திறக்கப்பெற்றது. ஈசுவர சந்திர வித்யாசாகர் உதவினார். விஜயநகரம் மகாராஜா ஆய்வுக்கூடம் அமைக்கப் பொருளளித்தார். மேடையில் பௌதிகம் விளக்கியவரோ லாபோன் என்னும் ஏசுசபைப் பாதிரியார்! அவதாரத்தை மறுத்த வைத்தியரும் அங்கி தரித்த துறவியும் கூடி நடத்திய அவையில் எச்சமயத்தாரும் அமர்ந்து கேட்கலாம்.

எனினும் கேட்க வந்தோர் பலர், ஆராய வந்தோர் இலர். நிரந்தரப் பேராசிரியர்களை அமர்த்தும் நிதியும் சேரவில்லை. தம் உழைப்பு வீணாயிற்றென்ற மனக்குறையோடு 1904இல் சர்க்கார் மறைந்தார்.

மூன்றே ஆண்டுகளில், 1907இல், கணக்கு இலாகா அதிகாரியாகக் கல்கத்தா வந்தார் பதினெட்டு வயது இராமன். அவருக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டவர் சர்க்காரின் புதல்வர் அமிருதலால். பகலெல்லாம் கணக்கு, காலையும் மாலையும் ஆய்வு. கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். கல்லூரி வாசலை மிதியாத ஆசுதோஷ் டே என்னும் ஊழியர் அவருக்குத் துணைநின்றார். அவர் தம் பெயரிலேயே ஆய்வுக்கட்டுரையும் வெளியிட்டார். 1917இல் இராமன் உத்தியோகத்தைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஆய்வோ பௌபஜாரிலேயே தொடர்ந்தது. பொருளினூடே சிதறும் ஒளியில் ஒரு சிறு கூறு நிறம் மாறுவதை, வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28இல் உறுதி செய்தார். 1930இல் நோபெல் பரிசு வந்தது.

சங்கம் இன்று ஜாதவ்பூரில் நடைபெறுகிறது. பழைய இடத்தில் கோயங்கா வணிகவியல் கல்லூரி நிற்கிறது. வீதியும் இப்போது விபின் விகாரி கங்குலியின் பெயர் தாங்கியுள்ளது.