ஏடு காத்த அவை

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் உணர்த்த எழுந்த இலக்கண நூல். ஆயினும் அதன் பாயிரம் கற்றலுக்கும் ஓர் இலக்கணம் வகுக்கின்றது. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் சிறிதும் வழுவாமல் உளங்கொண்டாலும் அவன் பெற்றது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயின்று ஆராய்வதனால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். ஆகவே, கல்வியில் முக்காற் பங்கு பலரோடு கூடியிருந்து பெறுவது என்பது முனிவர் கண்ட கணக்கு.

இக்கணக்கு மாணாக்கனுக்கு மட்டும் உரியதன்று. நூல்களின் வாழ்வுக்கும் பொருந்துவது. பழந்தமிழ் நூல்களுள் எவை எஞ்சின, எவை மறைந்தன, மறையவிருந்தவை எவ்வாறு மீண்டன என்று ஆராய்வோர்க்கு இவ்வுண்மை தெளிவாகும்.

இறையனார் அகப்பொருள் உரையின் முகப்பில் ஒரு பழங்கதை உண்டு. அந்நூலுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். தத்தம் உரையே சிறந்ததென ஒவ்வொருவரும் வாதிட்டனர். எது மெய்யுரை எனத் துணிவதற்காக, ஊமைப் பிள்ளையாகிய உருத்திரசன்மனை அவையில் இருத்தி, அவன் முன்னர் உரைகளைப் படித்தனர். நக்கீரர் உரை கேட்டபோது அவன் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்திருந்தான். அதுவே மெய்யுரை எனக் கொள்ளப்பட்டது. பின்னர் அவ்வுரை ஆசிரியரும் மாணாக்கருமாகப் பல தலைமுறை வழிவழி வந்தது என்றும் அம்முகப்புக் கூறும். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஒரு நூலின் பொருள் அவையில் வைத்துத் துணியப்பட வேண்டுமென்றும், கற்பிப்பாரும் கேட்பாரும் உள்ளவரையே அது நிலைக்குமென்றும் முன்னோர் கருதினர் என்பதற்கு இக்கதை சான்றாகும்.

பனையோலையின் இயல்பும் இதனையே வற்புறுத்தியது. ஓலையைச் செல்லரிக்கும், பூச்சி துளைக்கும், ஈரம் மக்கச் செய்யும். எத்துணைப் பேணினும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் ஓர் ஏடு தாங்குவது அரிது. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுதல் வேண்டும். கற்பவர் உள்ள நூலையே பெயர்த்தெழுதுவர். கற்பாரற்ற நூலோ, பகைவர் எவரும் தீண்டாமலே, பெட்டிக்குள் இருந்தவாறே மடிந்தது. பொருளறியா ஏடுகளைச் சில இடங்களில் ஆற்று வெள்ளத்தில் விட்டதும் தீயிலிட்டதும் உண்டு. அவர்கள் நூலை வெறுத்தவர்கள் அல்லர். படிக்க இயலாத ஒன்றினை என்செய்வதென்று அறியாதவர்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்க் கல்வி தளர்ந்திருந்தது என்று கூறுதல் பொருந்தாது. மடங்களிலும் திண்ணைகளிலும் அது ஊக்கத்துடன் நடந்தது. ஆனால் பயின்றவை பெரும்பாலும் புராணங்கள், அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள். எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் பாடங் கேட்கப்படாமையால் கற்றோர்க்கும் அரியவாயின.

யாழ்ப்பாணத்திலும் கூடிக் கற்றல் கோயில்களிற் செழித்திருந்தது. புராண படனத்தில் ஒருவர் பாடலை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். கேட்போருள்ளும் நூலறிந்தோர் இருந்தமையால் பயன் சொல்வோர் சொல்லை அளந்தே உரைக்க வேண்டியிருந்தது. கந்தபுராணம் அந்நாட்டு மக்களின் நாவில் நிலைத்தது இவ்வாறே. இச்சூழலில் தோன்றிய ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார்; 1849இல் அச்சுக்கூடம் நிறுவினார். வாய்மொழி விளக்கத்தையும் பிழையற்ற அச்சையும் அவர் ஒருங்கே வளர்த்தார். பரிமேலழகர் உரையோடு திருக்குறளை அவர் பதிப்பித்தது 1861இல்.

நாவலர் வழியில் நடந்தவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அவருடைய பதிப்புகள் வெளிவந்தன. கண்ணீர் வார்த்த ஊமைப் பிள்ளையின் கதையைத் தாங்கிய நூல் அச்சுருப் பெற்றது ஓர் ஈழத்தவர் உழைப்பினால் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்திலேயே கும்பகோணத்தில் மற்றொரு நிகழ்ச்சி நடைபெற்றது. 1880இல் அந்நகர்க் கல்லூரியிற் தமிழாசிரியராக அமர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். கற்ற நூல்கள் எவை என்று முதலியார் வினவினார். ஐயர் அந்தாதிகளும் கோவைகளும் புராணங்களுமாக நீண்டதொரு வரிசை கூறினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி கற்றதுண்டா, சிலப்பதிகாரம் கற்றதுண்டா, மணிமேகலை கற்றதுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று. அப்போது ஐயருக்கு வயது 25.

முதலியார் சீவக சிந்தாமணியின் பிரதியொன்றை அவர் கையிற் கொடுத்தார். இருவரும் கூடியிருந்து அதனை வாசிக்கத் தொடங்கினர். நூல் எளிதில் வசப்படவில்லை. திருத்தக்கதேவர் சமண முனிவர்; நூலில் சமணக் கோட்பாடுகள் நிறைந்திருந்தன. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், அச்சமயத்துக்குரிய சொற்கள் பல ஐயருக்கு விளங்கவில்லை. சைவச் சூழலில் வளர்ந்த அவர், அந்நகரில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார்.

அங்கே அவர் கண்டது வியப்பிற்குரியது. ஓர் இல்லம் தோரணங்களுடன் விழாக் கோலம் பூண்டிருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணியை முறையாக வாசித்து அன்று நிறைவு செய்ததாகக் கூறினர். வெளியே கற்றோரும் அறியாதிருந்த காப்பியம், அவ்வீட்டிற் பொருளுணர்ந்து கேட்கப்பட்டு வந்தது. ஐயர் தம் ஐயங்களை அவர்களிடம் வைத்தார். அவர்களும் மனமுவந்து விடை கூறினர். ஒரு சமயத்தார் போற்றிய காப்பியத்தை மற்றொரு சமயத்தார் பணிவோடு கேட்டறிந்தார். 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி முழுதும் அச்சில் வெளிவந்தது. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகை வெளிவந்ததும் அவ்வாண்டே.

தாமோதரம்பிள்ளையும் கும்பகோணத்தில் வாழ்ந்த காலம் உண்டு; அப்போது இருவரும் பழகி நூல்களைப் பற்றி உரையாடினர். சிந்தாமணியைப் பதிப்பிக்கும் விருப்பம் இருவருக்கும் இருந்தது. அப்பணி ஈற்றில் ஐயரிடமே நின்றது. அதனாற் பகை விளையவில்லை. தமிழுக்குப் பதிப்பாசிரியர் இருவர் கிடைத்தனர்.

ஒரு நூலைக் கூடிக் கற்றமையின் பயன் அந்நூலோடு முடியவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வந்த அடிகள் பல எந்நூலைச் சார்ந்தவை என்று தெரியாதிருந்தன. அவற்றைத் தேடிய தேட்டமே ஐயரைப் பத்துப்பாட்டுக்கு அழைத்துச் சென்றது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன. முன்சீப்பு ஒருவர் கேட்ட வினா, 18 ஆண்டுகளுக்குள் தமிழர் தம் பழமையைக் காணும் கண்ணையே மாற்றிவிட்டது.

அச்சேறிய நூலுக்கு இனி அழிவில்லை என்று அமைதியடையலாமா? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. பல படிகளாகப் பரவியிருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. வேறெங்கும் படியில்லாத சுவடிகளை மீட்க வழியில்லை. ஒரே இடத்தில், ஒரே படியாக இருப்பதன் இடர் எத்தகையது என்பதை அத்தீ உணர்த்திற்று.

இன்று சங்க நூல்கள் மலிவு விலையிற் கிடைக்கின்றன; கணினித் திரையிலும் விரிகின்றன. செல்லரிக்கும் என்ற அச்சம் நீங்கியது. ஆனால் பெட்டிக்குள் இருந்த ஏட்டுக்கும் அலமாரியில் திறவாதிருக்கும் அச்சு நூலுக்கும் வேற்றுமை என்ன? தேர்வுக்காகச் சில பாடல்களை மனனஞ் செய்து மறப்பது, பவணந்தியார் கணக்கிற் காற்பங்கும் ஆகாது.

மீதியைப் பெறுவதற்குப் பெரும் பொருளோ மாளிகையோ வேண்டியதில்லை. ஊர்தோறும் வாசிகசாலை உண்டு. சனசமூக நிலையம் உண்டு. வாரத்தில் ஒரு மாலை ஐவர் கூடி, குறுந்தொகையில் ஒரு பாட்டை ஒருவர் படிக்க, மற்றவர் பொருள் கூற, இளையோர் தடை எழுப்பி வினாவ, அது போதும். பொருள் தெரியாத சொல் வந்தால் தெரிந்தவர் வாயிலை நாடிச் செல்ல வேண்டும். அவர் எக்குலத்தவர், எச்சமயத்தவர் என்று பார்த்தல் கூடாது. கும்பகோணத்தில் ஐயர் சென்ற வழி அதுவே. அவ்வழியில் நடப்போர் உள்ளவரை நூல்கள் வாழும்.