ஐப்பசியில் ஒரு கிழமை

நாட்காட்டி அச்சிடுபவருக்குச் சரித்திரத்தைப் பற்றிக் கவலையில்லை. கட்டங்களைக் கீறி, இலக்கங்களை இட்டுவிட்டால் அவர் வேலை முடிந்தது. சரித்திரமோ சில கட்டங்களை வெறுமையாக விட்டு, வேறு சிலவற்றில் அரிசி மூட்டைகளைப் போலச் சம்பவங்களை அடுக்கி வைத்துவிடுகிறது. ஒக்டோபர் 26ஆம் திகதி தொடங்கி நவம்பர் முதலாந் திகதி முடியவுள்ள ஏழு நாட்கள் அவ்வாறு நிரம்பி வழியும் ஒரு கிழமை. தேயிலை மலைகளில் வாழும் நாம் அதைச் சற்றுப் புரட்டிப் பார்த்தாலென்ன?

முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை. 1929 ஒக்டோபர் 29ஆம் திகதி நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்து விழுந்தது. அமெரிக்கப் பணக்காரர் பங்கை இழந்தால் கொட்டகலையிற் கொழுந்து பறிப்பவருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது, வட்டியோடு வந்தது. அதைத் தொடர்ந்து உலகெங்கும் மந்தம் பரவிற்று. தேயிலை விலை வீழ்ந்தது. தோட்டங்களிற் சம்பளம் குறைக்கப்பட்டது. 1933இல் இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் தேயிலை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பாடு செய்யும் அளவுக்கு நிலைமை முற்றிற்று. லயத்திலிருந்த நம் பாட்டனார் நியூயோர்க்கின் பெயரையே கேட்டிருக்க மாட்டார். ஆனால் நியூயோர்க் அவருடைய அடுப்படி வரை வந்து போயிற்று!

அடுத்து 31ஆம் திகதி. மிஷன் பாடசாலையிற் படித்த நம்மிற் சிலருக்கு, 1517இல் அன்று மார்ட்டின் லூதர் தமது 95 கூற்றுகளை வெளியிட்டார் என்பது மனப்பாடம். ஆயினும் அந்த நாளிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகரி பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது, ஒக்டோபர் 4ஆம் திகதிக்கு மறுநாள் 15ஆம் திகதி என்று விதித்தார். இடையிலே பத்து நாட்கள் மாயமாய் மறைந்தன. (அந்தப் பத்து நாட் சம்பளத்தை யார் கொடுத்தார்களோ, நாம் அறியோம்.) புதிய கணக்கின்படி பார்த்தால் லூதரின் நாள் நவம்பர் 10ஆம் திகதிக்குப் போய்விடும், நமது கிழமையை விட்டே அவர் வெளியேற வேண்டியதுதான். ரஷ்யர்களோ பழைய கணக்கையே நெடுங்காலம் வைத்திருந்தமையால், தங்கள் ஒக்டோபர்ப் புரட்சியை நவம்பர் 7ஆம் திகதி கொண்டாட நேர்ந்தது.

நம்மவர் இவ்விஷயத்திற் கெட்டிக்காரர். பண்டிகைக்கும் சிரார்த்தத்துக்கும் திகதியை நம்பாமல், நட்சத்திரத்தையும் திதியையும் நம்பினர். ஆகவே நமது தீபாவளி ஆண்டுதோறும் இடம் மாறி உலாவுகிறது. 2016இல் அது ஒக்டோபர் 29ஆம் திகதியும், 2024இல் 31ஆம் திகதியும் நமது கிழமைக்குள் வந்து உட்கார்ந்தது.

இனி, 30ஆம் திகதிக்கு வருவோம். இந்தக் கிழமையில் மற்ற நாட்கள் விருந்தாளிகள் எனின், இதுவே வீட்டுக்காரன். 1964 ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமை. அன்று புதுடில்லியிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக நின்ற நம்மவரின் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று மதிக்கப்பட்டது. அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அங்கே ஏழு பேர் போனால் இங்கே நான்கு பேருக்கு உரிமை. கொழுந்தை நிறுக்கும்போதாவது பறித்தவர் பக்கத்தில் நிற்பார். இந்த நிறுவையில் நிறுக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் விடை வேறாயிருக்கும். பின்னர் விண்ணப்பம் கோரியபோது, இந்தியாவுக்கென எழுதியோர் தொகை ஒதுக்கியதை எட்டவில்லை. இலங்கைக்கென எழுதியோர் தொகை 3 இலட்சத்தை வெகுவாக மிஞ்சிற்று. ஆயினும் இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரிற் கப்பலேறினர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிரம்புமுன் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், அவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினர். சிலர் நீலகிரியில், 1968இல் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். கொட்டகலையில் விட்ட கூடையைக் கோத்தகிரியில் எடுத்தவர்களும் உண்டு.

அவர்கள் போய்ச் சேர்ந்த மாநிலத்தின் பிறந்தநாளும் இதே கிழமையில்தான்! 1956 நவம்பர் முதலாந் திகதி மொழிவாரி எல்லைகள் வகுக்கப்பட்டபோதுதான் சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாட்டின் வடிவத்தைப் பெற்றது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் 75 ஆயிரம் வீதம் பங்கிட்டது 1974இல். அப்போது இந்தியாவின் சார்பில் இணங்கிய இந்திரா காந்தி கொலையுண்ட நாள் 1984 ஒக்டோபர் 31. அதே 1984இற்றான் போரினாற் கப்பற் சேவையும் நின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இம்மக்களின் உரிமைக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் வாதாடிய சௌமியமூர்த்தி தொண்டமான் தமது 86ஆவது வயதிற் காலமானது 1999இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி! கதை எழுதுபவர் இப்படி எழுதினால், நம்பும்படியாக இல்லை என்று பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார்.

தமிழாண்டுக் கணக்கும் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தம் எழுதப்பட்ட ஆண்டின் பெயர் குரோதி. அறுபது ஆண்டுகள் சுழன்று 2024இல் மீண்டும் குரோதி வந்தது. மனிதருக்கு அறுபது நிறைந்தால் மணிவிழா எடுக்கிறோம். ஒப்பந்தத்துக்கு அறுபது நிறைந்த நாள் தீபாவளிக்கு முதல் நாளாக வந்தது. நம்மிற் பெரும்பாலோர் அன்று பலகாரம் சுடுவதில் ஈடுபட்டிருந்தோம்.

இவையெல்லாம் தற்செயல்களே, கிரகங்களின் மீது பழிபோட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் தற்செயலன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. ஐப்பசியில் மழை அடைத்துப் பெய்யும் என்பது நம் ஆச்சிமாருக்குத் தெரியும். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கையும் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களோ வேறிடமின்றி அங்கேயே இருந்தனர். இந்த நாளை மட்டும் வேடிக்கையாக எழுத நமது பேனா மறுக்கிறது.

நினைவு நாட்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? திகதி இல்லாமையால் அடிபட்ட சமூகம் நம்முடையது என்பதனாலேயே. நம் முன்னோர், ‘இன்ன துரை இருந்த காலம்’, ‘அந்த மலையிற் கவ்வாத்து வெட்டிய வருஷம்’ என்றே காலத்தைக் கணித்தனர். அது வீட்டுக்குப் போதுமாயிருந்தது, கந்தோருக்குப் போதவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இத்தனை ஆண்டுகள் இடைவிடாது இந்நாட்டில் இருந்தாய் என்பதற்குச் சாட்சி காட்டு என்றது. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகப் போயின. உரிமை கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. மலையைத் தோட்டமாக்கிய கைகளிலே தழும்பு இருந்தது, கடதாசி இல்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பெயர் நீங்கிற்று.

ஆதலின் நமது சங்க அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உலகத்தின் திகதிகளைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம், நல்லது. அத்தோடு ஒரு கொப்பியை வாங்கி, நமது வீட்டிலும் அயலிலும் உள்ள முதியோரிடம் கேட்டு எழுதுவோம். எந்தத் தோட்டத்தில் எப்போது பேர் பதிந்தார்கள், யார் எந்த ஆண்டு கப்பலேறினார்கள், போனவர்கள் எந்த ஊரிலிருந்து கடிதம் போட்டார்கள் என்பவற்றைக் குறிப்போம். சரியான திகதி தெரியாவிடில், துரையின் பெயரையாவது எழுதிக்கொள்வோம், பிறகு கண்டுபிடிக்கலாம். அடுத்த ஐப்பசியில் அந்தக் கிழமை வரும்போது, தீபாவளிப் பலகாரத்தோடு அந்தக் கொப்பிகளையும் நமது மண்டபத்துக்குக் கொண்டுவருவோமாக.