பாலத்துக்குக் காசு கேட்ட கதை

குடாநாட்டின் ஊர்ப் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பண்ணைத்துறை என்று எத்தனை துறைகள்! ஆனையிறவு என்ற பெயரே யானைகள் கடலேரியைக் கடந்த இடம் என்றுதான் விளக்கப்படுகிறது. பாலங்கள் வந்ததெல்லாம் பிறகு. அப்ப அந்தப் பாலங்களுக்குக் காசு போட்டது ஆர்? இந்தக் கேள்வியை வைத்து எங்கட வரலாற்றை ஒருக்கா வாசித்துப் பார்க்கலாம்.

பிரித்தானியர் காலத்தில் தெருக்களுக்கான காசு முதலில் சனத்தின் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டது. 1848 இல் வந்த வீதிச் சட்டத்தின்படி வயது வந்த ஆண்கள் வருசத்தில் ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டும். அதே வருசம் மாத்தளைப் பக்கம் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிளர்ச்சியைப் படித்திருப்போம், ஆனால் அதுக்குப் பின்னால் ஒரு தெருக்கணக்கு இருந்ததைப் பெரிசாக யோசிச்சிருக்க மாட்டோம்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறுகிறது. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களின் பணம் தபால் வழியாக ஊருக்கு வந்தது. ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று சொல்லுவினம். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் கல்வீடுகளும் அந்தக் காசில் எழும்பின. ஆனால் கடலுக்கு மேலால் ஒரு தெருப் போடுவது தனி ஒரு குடும்பத்தின் காசால் முடியிற காரியம் இல்லை. அதற்கு அரசாங்கத்திடம் போய்க் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற தாம்போதியை இன்றைக்கும் சனம் ‘வாணர் பாலம்’ என்றுதான் சொல்கிறது. அது எந்த ஆளுநருடைய, எந்த மந்திரியுடைய பெயரும் இல்லை. அந்த இணைப்புக்காக அலைந்து பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயர். காசு கேட்டு நடந்த ஆட்களின் பெயர் ஒரு பாலத்தில் நிலைத்திருப்பது எங்கட நாட்டில் அபூர்வம்.

போருக்குப் பிறகு வந்த பாலங்களின் கதை வேறு. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் முந்தி ‘பாதை’ ஓடினது. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடலேரியைக் கடக்கிற மிதவையைத்தான் இங்கே பாதை என்று சொல்வோம். போரில் அந்த வழி அடைபட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவும் பூட்டியிருக்க, சனம் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தது. அந்தப் பயணத்தில் உயிரை விட்டவர்களின் குடும்பங்கள் இப்பவும் எங்கட ஊர்களில் இருக்கின்றன. 2011 ஜனவரி 16 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 288 மீற்றர். ஆனையிறவைச் சுற்றாமல் பூநகரி வழியாக மன்னாருக்குப் போகலாம் என்றானது. அந்தப் பாலம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை கிளாலியைக் கடந்த தலைமுறையிடம் கேட்டால்தான் விளங்கும்.

ஆனால் ஒரு பாலத்துக்கு இரண்டு வகைக் காசு தேவை. ஒன்று கட்டுகிற காசு, மற்றது காப்பாற்றுகிற காசு. முதலாவதுக்குக் கல்வெட்டு, நாடா வெட்டு, படம் எல்லாம் உண்டு. இரண்டாவதுக்கு ஒண்டும் இல்லை. எங்கட கடலேரியின் உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பெருத்து கொங்கிறீற்றை வெடிக்கப் பண்ணும். வெளியில் வெடிப்புத் தெரியும்போது உள்ளுக்குள் பாதி வேலை முடிந்திருக்கும். கல்லும் மண்ணும் போட்டுக் கட்டின தாம்போதியில் மதகுகள் அடைபட்டால் நீரோட்டம் நின்று, மீனுக்கும் இறாலுக்கும் கேடு வரும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு குஜராத்தின் மோர்பி ஒரு பாடம். 1879 இல் திறந்த நடைபாலம் அது. திருத்தவேலை முடிந்தது என்று சொல்லி 2022 ஒக்ரோபர் 26 இல் மறுபடி திறந்தார்கள். நாலு நாளில் அறுந்து விழுந்து 135 பேர் இறந்தார்கள். பிரதான வடமொன்றின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே அரிக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குழு சொன்னது. மாற்ற வேண்டியதை மாற்றாமல் பாலத்தைத் திறந்துவிட்டார்கள்.

எங்களுக்குக் கிட்டவான பாடம் கிண்ணியா. குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதுப்பாலம் கட்டுகிற வேலை நடந்தபோது, சனம் கடக்க ஒரு மிதவை விடப்பட்டது. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். இங்கே பிழை பழைய பாலத்தை மாற்ற நினைத்ததில் இல்லை. வேலை முடியும் வரைக்கும் சனம் எதால் போகும் என்ற கேள்வி திட்டத்தின் நடுவில் இருக்கவில்லை. காசு கேட்கிற கடிதத்தில் அந்தக் கேள்விக்கும் ஒரு செலவுத்தொகை எழுதப்பட வேண்டும்.

இப்ப காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் இன்னும் பாதைதான் ஓடுகிறது. அக்கரை கண்ணுக்கு முன்னால் தெரியும். பாதை ஓடாவிட்டால் யாழ்ப்பாணப் பட்டினத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். அங்கே பாலம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. ஆனால் ஆரிடம் கேட்கிறது? வெளிநாட்டு நன்கொடை என்றால் கொழும்பில் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் வழியாகத்தான் வர வேண்டும். மாகாணத்தின் சார்பில் பேசத் தெரிவான சபை வேண்டும். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கதிரையில் இல்லை.

நன்கொடைக்கும் தனி அரசியல் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போக இருந்தது. இந்தியா எதிர்த்த பிறகு, அதே திட்டம் 2022 இல் இந்திய நன்கொடையாக மாறினது. தீவுச் சனத்துக்கு வெளிச்சம் தேவைப்பட்டது, ஆனால் முடிவை எடுத்தது கடலுக்கு அப்பால் இருந்த கணக்கு. இன்னொரு உதாரணம், பொதுநூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய நன்கொடையில் எழும்பின பண்பாட்டு மையம். கட்டி முடிந்த பிறகு, அதை நடத்துகிற செலவை மாநகரசபை எப்படித் தாங்கும் என்ற கேள்வி பெரிய தலையிடியானது.

நன்கொடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கட உள்ளூர் சபைகளின் வருமானத்தில் கடலுக்கு மேலால் பாலம் கட்ட முடியாது. ஆனால் கேட்கும்போது முழுசாகக் கேட்கலாம். வேலை நடக்கும் காலத்துக்குப் பாதுகாப்பான மாற்றுவழி, நடந்து போகிறவருக்கும் சைக்கிளுக்கும் தனி ஓரம், நீரோட்டத்துக்குப் போதுமான மதகு, பத்து இருபது வருசத்துக்கான பராமரிப்புக் காசு, வருசா வருசம் பரிசோதித்து அறிக்கையைச் சனத்துக்குக் காட்டுகிற பொறுப்பு. இந்த ஐந்தும் இல்லாத விண்ணப்பத்தைப் பாதி விண்ணப்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் எங்கட வயதுக்காரருக்கும் வேலை இருக்கு. பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகினம், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை, ஆஸ்பத்திரிக்குப் போறவை எத்தனை என்று ஒரு மாதம் எண்ணி எழுத ஒரு கொப்பியும் பேனையும் போதும். காசு தருகிறவர் முதலில் கேட்கிறதும் அந்தக் கணக்கைத்தான்.