சுட்டாலும் குறையாத காட்டுப்பன்றிகள்... டெக்சாஸ் திணறுவது ஏன்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், நில உரிமையாளர் சம்மதித்தால் போதும், காட்டுப்பன்றியை வருஷம் முழுக்கச் சுடலாம். ராத்திரியிலும் சுடலாம். 2011-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஹெலிகாப்டரில் பறந்தபடியும் சுட வழி இருக்கு. 2019 முதல் தனியார் நிலத்தில் வேட்டை லைசென்ஸும் தேவையில்லை. ஆனாலும் அங்கே 20 லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இத்தனை சலுகை கொடுத்தும் ஏன் குறையவில்லை?

எங்கிருந்து வந்தன?

இவை அமெரிக்காவின் பூர்வீக விலங்கு கிடையாது. 1539-ல் ஸ்பெயின் தளபதி ஹெர்னாண்டோ டி சோட்டோ, படையின் உணவுக்காக வளர்ப்புப் பன்றிகளை ஃபுளோரிடாவில் இறக்கினார். பின்னர் குடியேறியவர்கள் அவிழ்த்துவிட்டு மேய்த்த பன்றிகளும் காட்டுக்குள் போய்விட்டன. 20-ம் நூற்றாண்டில் வேட்டைக்காகவே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் கலந்து உருவானதுதான் இன்றைய கூட்டம்.

குண்டு துளைக்காதா?

வேட்டைக்காரர்கள் மத்தியில் இப்படி ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை.

வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையையும் விலாவையும் மூடி, தோலுக்கு அடியில் குருத்தெலும்பு மாதிரி கெட்டியான திசு இருக்கும். மற்ற ஆண் பன்றிகளோடு மோதும்போது கோரைப்பல் குத்து உள்ளே இறங்காமல் தடுக்கும் கேடயம் இது. வயது ஏற ஏற தடிமனாகும். அம்பும், சக்தி குறைந்த தோட்டாவும் இதில் வேகம் இழக்கலாம். சக்திவாய்ந்த ரைஃபிள் தோட்டா துளைத்துவிடும்.

அப்புறம் ஏன் அடிபட்ட பன்றி ஓடுது? பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிட முன்பக்கமாக, தாழ்வாக இருக்கும். மானைச் சுடும் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் குறிவைத்தால், தோட்டா வயிற்றுப் பக்கம் போய்விடும். காயத்தைக் கொழுப்பு அடைத்துக்கொள்வதால் ரத்தத் தடமும் சரியாகக் கிடைக்காது. அதைத் தேடிப் புதருக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. திருப்பித் தாக்கினால் கோரைப்பல் காலைக் கிழித்துவிடும்.

உண்மையான பலம் எது?

தோல் இல்லை, இனப்பெருக்கம்தான். 6 முதல் 8 மாதத்திலேயே பெண் பன்றி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 115 நாள். ஒரு ஈற்றில் சராசரியாக 4 முதல் 6 குட்டிகள். எண்ணிக்கை கூடாமல் நிறுத்தவே, ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு பன்றிகளை அகற்ற வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேட்டையில் ஒன்றிரண்டு விழும். மீதிக் கூட்டம் சிதறி, வேற இடத்துக்குப் போய், ராத்திரியில் மட்டும் நடமாடப் பழகிவிடும்.

கன்சாஸ் எடுத்த எதிர் முடிவு

கன்சாஸ் மாகாணம் 2006-ல் காட்டுப்பன்றியை விளையாட்டுக்காக வேட்டையாடுவதையே தடை செய்தது. வேட்டைக்கு மவுசு இருந்தால், பன்றியைப் புது இடங்களில் கொண்டுவந்து விடுபவர்களும் இருப்பார்கள் என்பதே காரணம். மிசௌரி மாகாணமும் 2016-ல் தன் வனவிலங்குத் துறை நிலங்களில் இந்த வேட்டையைத் தடுத்தது.

அதற்குப் பதிலாகப் பெரிய வட்டப் பட்டி அமைத்து, பல நாள் சோளம் போட்டுப் பழக்குகிறார்கள். மொத்தக் கூட்டமும் உள்ளே வந்ததை மொபைல் கேமராவில் பார்த்து, அங்கிருந்தே கதவை இறக்குகிறார்கள். ஒன்று தப்பினாலும் அது அடுத்த முறை பட்டிப் பக்கமே வராது. அதனால்தான் இந்தப் பொறுமை.

நம்ம ஊரில் சுடலாமா?

கூடாது. இந்தியாவில் காட்டுப்பன்றி பூர்வீக விலங்கு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. பயிர் போகுதே என்று விவசாயி தானாகத் துப்பாக்கி எடுத்தாலோ, நாட்டு வெடி வைத்தாலோ வழக்கு பாயும். அந்த வெடியைக் கடித்து யானைகளும் செத்திருக்கின்றன.