அழித்து அழித்து எழுதிய நாடா

1954 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு, நியூயார்க்கின் ஹட்சன் தியேட்டரில் பியானோ முன்னால் உட்கார்ந்த ஸ்டீவ் ஆலன், இந்த நிகழ்ச்சி முடிவே இல்லாமல் ஓடப்போகிறது என்று நேயர்களிடம் சொன்னார். என்.பி.சி. தொலைக்காட்சியின் 'டுநைட்' அன்று தொடங்கியபோது ஒன்றே முக்கால் மணி நேர நிகழ்ச்சி. ராத்திரி ஒரு மணிக்குத்தான் முடியும். அந்த நீளத்தைத்தான் அவர் கிண்டல் செய்தார். எழுபது ஆண்டு கழித்தும் 'டுநைட்' ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் முதல் 18 ஆண்டுகளில் ஒளிபரப்பானதில் பெரும்பகுதியை இன்று எவராலும் பார்க்க முடியாது.

ஆலன் காலத்தில் எல்லாமே நேரலை. பதிவு வேண்டுமென்றால் ஒரே வழிதான்: டி.வி. திரைக்கு முன்னால் 16 மி.மீ. பிலிம் கேமராவை நிறுத்தி, திரையில் ஓடுவதைப் படம்பிடிப்பது. அதற்கு கினெஸ்கோப் என்று பெயர். முகங்கள் கொஞ்சம் மசங்கித் தெரியும். இருந்தாலும் ஆள் யார், என்ன செய்தார் என்பது பதிவாகிவிடும். ஆலனைப் பொறுத்தவரை அதுவே பெரிய விஷயம். அவரிடம் எழுதிவைத்த வசனம் குறைவு. லாஸ் ஏஞ்சலிஸ் வானொலியில் இருந்த நாட்களில் ஒரு முறை டோரிஸ் டே வருவதாகச் சொல்லி வராமல் போக, மைக்கை எடுத்துக்கொண்டு பார்வையாளர் நடுவே இறங்கியவர் அவர். டி.வி.க்கு வந்த பிறகு கேமராவை வீதிப் பக்கம் திருப்பி, போகிற வருகிறவர்களைப் பற்றி அந்தக் கணத்தில் தோன்றியதைப் பேசினார். போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கார்களை மறித்தார். நாடகம் போனால் பிரதி இருக்கும், பாட்டுப் போனால் இசைத்தட்டு இருக்கும். இந்த மாதிரிப் பேச்சுக்குப் பிலிமை விட்டால் வேறு கதி இல்லை. அந்தப் பிலிம்களில் பெரும்பாலானவற்றைத்தான் இடம் அடைக்கிறது என்று சொல்லி எரித்துவிட்டார்கள்.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப்பைக் கொண்டுவந்தது. இரண்டு அங்குல அகலம். நொடிக்கு 15 அங்குல வேகம். ஒரு மணி நேரப் பதிவுக்கு 4,500 அடி நாடா வேண்டும். படம் நேரலை போலவே துல்லியமாக இருந்தது, பிலிம் போலக் கழுவக் காத்திருக்கவும் வேண்டாம். விலைதான் மிரட்டியது: ஒரு மணி நேரச் சுருள் சுமார் 300 டாலர். ஆனால் பிலிமுக்கு இல்லாத ஒரு குணம் நாடாவுக்கு இருந்தது. அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம்.

நாடா வந்ததும் ஒளிபரப்புக்கு முன்பே வெட்டுகிற வசதியும் என்.பி.சி.யின் கைக்கு வந்தது. 1960 பிப்ரவரியில், அப்போது 'டுநைட்'டை நடத்திவந்த ஜாக் பார் மாலையிலேயே பதிவு செய்துகொடுத்த நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவைக் கதை இருந்தது. ஒருவர் கழிவறையைப் பற்றிச் சுருக்கப் பெயரால் கடிதத்தில் விசாரிக்க, இன்னொருவர் அதைச் சிற்றாலயம் என்று புரிந்துகொண்டு பதில் எழுதுகிறார். அவ்வளவுதான் கதை. பாரைக் கேட்காமலே என்.பி.சி. அதை வெட்டி எறிந்துவிட்டு ஒளிபரப்பியது. மறுநாள் அவர் மேடையில் தன் மனக்குறையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அறிவிப்பாளர் ஹியூ டவுன்ஸ்தான் மிச்ச நேரத்தைச் சமாளித்தார். பார் திரும்பி வந்தது மார்ச் 7ஆம் தேதி. நேரலையாக இருந்திருந்தால் அந்தக் கதையை யாராலும் தொட்டிருக்க முடியாது.

1962இல் நிகழ்ச்சியை நடத்த ஜானி கார்சன் வந்தார். வாரம் தவறாமல், இரவுக்கு இரவு நாடாக்கள் குவிந்தன. அன்றைய செய்தியை வைத்துப் பேசிய பேச்சை மறுபடி யார் போடப்போகிறார்கள் என்று நிறுவனம் நினைத்தது. அழிப்பதோ மிகச் சுலபம்: வலுவான மின்காந்தத்தின் மேல் சுருளை வைத்துச் சுற்றிவிட்டு எடுத்தால் போதும். ஒரு மணி நேரப் பேச்சு சில நொடிகளில் போய்விடும், சுருள் மறுநாள் இன்னொரு நிகழ்ச்சிக்குத் தயாராகிவிடும். கணக்குப் பிள்ளைக்கு இதில் தவறே தெரிந்திருக்காது. எனக்கு இது மன்னிக்க முடியாத சிக்கனம்.

1968 பிப்ரவரியில் ஒரு வாரம் கார்சன் நாற்காலியில் ஹாரி பெலஃபான்டே உட்கார்ந்தார். ஒரு கறுப்பினக் கலைஞர் அந்த நேரத்தில், அந்த மேடையில், முழு வாரம். விருந்தினர் வரிசையில் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி. ஏப்ரலில் கிங் சுடப்பட்டார், ஜூனில் கென்னடி. அந்த இருவரின் பேட்டிகள் தப்பின. வாரத்தின் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. அதே ஆண்டு மே மாதம் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் வந்தார்கள். அந்த நாடாவும் இல்லை. ரசிகர்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்துவைத்தது இருக்கிறது.

எது பிழைத்தது என்று பார்த்தால் ஒழுங்கே கிடையாது. வெளிநாட்டு முகாம்களிலிருந்த அமெரிக்கப் படையினருக்காக எடுத்த பிலிம் பிரதிகளில் சில கிடைத்தன. 1965இல் நடிகர் எட் ஏம்ஸ், பலகையில் வரைந்த கௌபாய் உருவத்தின் மேல் கைக்கோடரி எறிந்து காட்டினார். அது இரண்டு கால்களுக்கு நடுவே, பிடி மேல்நோக்கி நிற்க, பாய்ந்து குத்தியது. அசடு வழிந்த ஏம்ஸ் கோடரியை எடுக்கப் போக, கார்சன் அவரைப் பிடித்து நிறுத்துகிறார். சிரிப்பு அடங்கட்டும் என்று ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறார். அது அடங்குவதாக இல்லை. ஒரு பேச்சுக்காரர் எப்போது வாயைத் திறக்கக்கூடாது என்பதை இதைப் பார்த்துத்தான் கற்க முடியும். ஆண்டுவிழா நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டியதால்தான் அந்தத் துண்டு இன்றும் நமக்குக் கிடைக்கிறது.

1972இல் நிகழ்ச்சி கலிஃபோர்னியாவின் பர்பேங்குக்கு இடம்பெயர்ந்தது. அதன் பிறகான நாடாக்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கான்சஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் ஊரில், சுமார் 650 அடி ஆழத்திலுள்ள உப்புச் சுரங்கத்தில் வைத்தார்கள். அங்கே ஈரமும் இல்லை, வெப்பம் கூடிக் குறைவதும் இல்லை. பிறகு கார்சனின் நிறுவனம் அவற்றைக் கணினிக்கு மாற்றியது. 1980இல் யார் வந்தார், என்ன பேசினார் என்று இப்போது தேடிப் பார்க்கலாம். 1962 அக்டோபர் 1, கார்சனின் முதல் இரவு, அந்தத் தேடலில் வராது. ஜோன் கிராஃபோர்ட், டோனி பென்னட், மெல் புரூக்ஸ் எல்லாரும் வந்த இரவு அது. குரோச்சோ மார்க்ஸ் கார்சனை அறிமுகம் செய்துவைக்கும் ஒலிப்பதிவும் சில புகைப்படங்களும் மட்டும் இருக்கின்றன.